உஷார்! லாக் சிலிண்டர் இருக்கிறதென்று கையை நீட்டாதீர்கள்

லீக் டெஸ்ட் மெஷினில் வேலை செய்கிற ஆபரேட்டர், அவருக்கு ஷிஃப்ட் பார்க்கிற சூப்பர்வைசர், அந்த மெஷினை டிசைன் செய்து விற்கிற எஸ்.பி.எம். (ஸ்பெஷல் பர்ப்பஸ் மெஷின்) கம்பெனிக்காரர் என்று மூன்று பேருக்கும் இது அவசரம். கோவை, ஓசூர், அம்பத்தூர் பக்கம் பம்ப் கேசிங்கோ அலுமினிய வார்ப்போ செய்கிற சிறு ஆலைக்குள் போனால் இந்த மெஷினைப் பார்க்கலாம். கீழே ஃபிக்ஸர். மேலே நியூமேட்டிக் சிலிண்டரின் ராடில் தொங்குகிற சீல் பிளேட். எடை சுமாராக 60 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில், சைக்கிளுக்கு ஒரு முறை, வார்ப்பை வைக்கவும் எடுக்கவும் ஒரு மனிதரின் இரண்டு கைகள்.

பிளேட் இறங்கிவிடாதா என்று கேட்டுப் பாருங்கள். "லாக் சிலிண்டர் போட்டிருக்குதுங்ண்ணா, இறங்காது" என்று தயங்காமல் பதில் வரும். அந்தத் தயக்கமின்மைதான் பயமாக இருக்கிறது. என்ன வகை லாக், எந்த முனையில் இருக்கிறது, எவ்வளவு தாங்கும், கடைசியாக யார் சோதித்தார்கள் என்று அடுத்து கேட்டால் பெரும்பாலும் மெயின்டனன்ஸ்காரரைக் கை காட்டுவார்கள். அவர் கேட்டலாக்கைக் கை காட்டுவார். கேட்டலாக் அலமாரியில் இருக்கும்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். லாக் சிலிண்டர் செய்கிற வேலை ஒன்றுதான். ஏற்கெனவே நின்றுவிட்ட சுமையை, காற்று போனாலும், நின்ற இடத்திலேயே பிடித்து வைப்பது. விழுந்துகொண்டிருக்கும் சுமையைப் பிடிப்பது வேறு வேலை. கீழே இருக்கும் கையைக் காப்பது அதைவிட வேறு வேலை. முதல் வேலைக்கு வாங்கிய பொருளை மற்ற இரண்டுக்கும் நம்பியிருப்பதுதான் நம் ஆலைகளில் நடந்துகொண்டிருக்கிறது.

சந்தையில் அதிகம் விற்பவை இரண்டு வகை. ஒன்று எண்ட் லாக். பிஸ்டன் ஸ்ட்ரோக்கின் முடிவுக்கு வந்ததும், ஸ்பிரிங் தள்ளும் ஒரு சிறு பின் பிஸ்டன் பக்கத்துப் பள்ளத்தில் போய் உட்காரும். அந்தப் பக்கத்து போர்ட்டில் காற்று வந்தால் பின் விலகும். விலை குறைவு, அளவும் சிறிது, ஆகவே எல்லோரும் இதையே வாங்குகிறார்கள். ஆனால் ஸ்ட்ரோக் முடிவில் மட்டுந்தான் இது பிடிக்கும். பிளேட் பாதி வழியில் இருக்கும்போது கம்ப்ரஸர் ட்ரிப் ஆனாலோ, ட்யூப் பிடுங்கிக்கொண்டாலோ இந்த லாக் இருப்பதும் இல்லாததும் ஒன்று. ஸ்ட்ரோக் முடிவுக்கு 5 மி.மீ. முன்னால் ஏதோ ஒரு ஸ்டாப்பர் தடுத்து நின்றாலும் அதே கதைதான். பார்வைக்கு மேலே போய்விட்ட மாதிரி இருக்கும், பின் பள்ளத்தில் விழுந்திருக்காது.

எந்த முனையில் லாக் என்பதும் முக்கியம். ராட் கீழ்நோக்கித் தொங்கி, உள்ளே இழுக்கப்பட்ட நிலையில் சுமையைத் தூக்கி வைப்பதானால் லாக் ஹெட் பக்கம், அதாவது ராடுக்கு எதிர் முனையில், இருக்க வேண்டும். ராட் மேல்நோக்கி நீண்டு சுமையைத் தூக்குவதானால் ராட் பக்கம். ஆர்டர் குறியீட்டில் இது ஒற்றை எழுத்து வித்தியாசம். பர்ச்சேஸ்காரர் "அதே போர், அதே ஸ்ட்ரோக், ஸ்டாக்கில் இருக்கிறது" என்று மாற்றி வாங்கிவிட்டால் சிலிண்டர் அதே ஓட்டைகளில் அழகாகப் பொருந்தும். மெஷின் ஓடும். லாக் தவறான முனையில் விசுவாசமாக வேலை செய்துகொண்டிருக்கும்.

இரண்டாவது வகை ராட் லாக். சிலிண்டரின் முன்புறம் ஒரு கட்டை மாதிரி உட்கார்ந்திருக்கும். உள்ளே வலுவான ஸ்பிரிங் ராடை இறுக்கிப் பிடிக்கிறது, காற்று கொடுத்தால் பிடி தளர்கிறது. ஸ்ட்ரோக்கின் எந்த இடத்திலும் பிடிக்கும் என்பது இதன் பெருமை. உராய்வால் பிடிக்கிறது என்பது இதன் பலவீனம். ராடில் கட்டிங் ஆயில் தெறித்தாலும், ஆர்வமுள்ள ஹெல்ப்பர் "பளபளன்னு இருக்கட்டும்" என்று கிரீஸ் தடவிவிட்டாலும் பிடிமானம் குறையும். மற்ற சிலிண்டர்களில் ராடுக்கு எண்ணெய் போடுவது நல்ல பழக்கமென்று சொல்லிக் கொடுத்த கைகள்தான் இங்கேயும் போடுகின்றன. அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஒரு ஸ்டிக்கர் ஒட்டாத நம்மைத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது கணக்கு. இதை ஆலைகளில் யாரும் முழுதாகப் போடுவதில்லை என்பதால் கொஞ்சம் நிதானமாகவே போடுவோம். 63 மி.மீ. போர் சிலிண்டர், 6 பார் காற்று. பிஸ்டன் தள்ளும் விசை சுமார் 1,870 நியூட்டன், நம் பேச்சுவழக்கில் 190 கிலோ. பிளேட்டின் எடை 60 கிலோ. இந்த அளவு சிலிண்டருக்கு ராட் லாக்கின் பிடிவிசை, உதாரணத்துக்கு, 200 கிலோ என்று வைப்போம். எடையைவிட மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறதே, போதாதா? எடை மட்டும் தொங்கினால் போதும். ஆனால் லாக் பிடித்திருக்கும் அதே நேரத்தில் வால்வு கீழ்நோக்கிக் காற்று கொடுத்துக்கொண்டிருந்தால்? 190 கிலோ தள்ளலும் 60 கிலோ எடையும் சேர்ந்து 250. லாக் வழுக்கும். இது புத்தகத்துச் சந்தேகமல்ல. டபுள் சோலனாய்டு வால்வு கரண்ட் போனாலும் கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும். பிளேட் இறங்கும்போது மின்சாரம் போனால் லாக் பிடிக்கப் பார்க்கும், வால்வு இறக்கப் பார்க்கும். டாங்கியில் காற்று இருக்கிறவரை இந்த இழுபறி நடக்கும்.

அதோடு, கேட்டலாக்கில் போட்டிருக்கும் பிடிவிசை அதிர்வும் இடியும் இல்லாத, அசையாத சுமைக்கானது. அந்த எண்ணின் விளிம்புவரை ஏற்றிக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. பயன்பாட்டைப் பொறுத்து அதில் பாதிக்குள், சில சமயம் மூன்றில் ஒரு பங்குக்குள் சுமையை வைக்கச் சொல்லி, அடுத்த பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். விசை அட்டவணையைப் போட்டோ எடுத்துக்கொள்பவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

விழும் சுமைக்கு வருவோம். 60 கிலோ பிளேட் வெறும் 10 செ.மீ. தடையின்றி விழுந்து, லாக் அதை 5 மி.மீ.க்குள் நிறுத்த வேண்டும் என்றால் லாக்கின் மேல் சராசரியாக வரும் விசை எடையைப் போல 21 மடங்கு. அதாவது சுமார் 1,260 கிலோ. சிலிண்டருக்குள் உராய்வும் மிச்சக் காற்றும் கொஞ்சம் தாங்கும் என்று தாராளமாகக் கழித்தாலும் 200 கிலோ லாக்குக்கு இது எட்டாத தூரம். ஓடும் சுமையை நிறுத்துவதற்கென்றே வடிவமைத்து, அப்படியே சான்றளித்த பிரேக் வகை யூனிட்டுகள் தனியாக உண்டு. விலையும் தனி. லைட் கர்ட்டனில் கை நுழைந்தால் பிளேட் பாதியில் நிற்க வேண்டும் என்று நினைக்கிறவர் வாங்க வேண்டியது அதை. வெறும் பிடித்து வைக்கும் லாக்கை வாங்கி பிரேக்காக ஓட்டினால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது தேயும். தேய்ந்திருக்கிறது என்று வெளியே தெரியாது.

பிடிப்பதற்கு ஆகும் நேரத்தையும் பாருங்கள். லாக் போர்ட்டிலிருந்து காற்று வெளியேறினால்தான் ஸ்பிரிங் பிடிக்கும். மெல்லிய ட்யூப் மூன்று மீட்டர் ஓடி, வால்வு வழியாக, எண்ணெயும் தூசியும் அடைத்த சைலன்ஸரில் முக்கி முனகி வெளியேறினால் பத்தில் ஒரு வினாடி சுலபமாகப் போய்விடும். விநாடிக்கு 400 மி.மீ. வேகத்தில் இறங்கும் பிளேட் அதற்குள் 40 மி.மீ. கடந்திருக்கும். கை நசுங்காமலிருக்கக் குறைந்தது 100 மி.மீ. இடைவெளி வேண்டும், விரலுக்கு 25 மி.மீ. என்கிறது ஐ.எஸ்.ஓ. 13854. அந்த இடைவெளியிலிருந்து இந்த 40 மி.மீ.யைக் கழித்துப் பாருங்கள். லாக் போர்ட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு குயிக் எக்ஸாஸ்ட் வால்வு வைப்பது சின்னச் செலவு. சைலன்ஸரை மாற்றுவது அதைவிடச் சின்னது. ஆனால் மெஷின் நின்றுபோகாத வரை சைலன்ஸரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

லாக் பிடிக்காமல் போவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். லாக் விடும் நொடியைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அங்கேதான் பெரிய ஆபத்து பதுங்கியிருக்கிறது.

திங்கட்கிழமை காலையை எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுப் போனார்கள். லைனில் இருந்த காற்றெல்லாம் ஞாயிறு முழுக்கக் கசிந்து வடிந்துவிட்டது. பிளேட் எண்ட் லாக்கின் பின்னில் தொங்கிக்கொண்டிருக்கிறது. காலையில் காற்று வந்தது, ஆபரேட்டர் முதல் வார்ப்பை வைத்து ஸ்டார்ட் அழுத்துகிறார். ஹெட் பக்கம் காற்று போய் பின்னை விலக்குகிறது. ராட் பக்கம் காலி. பிளேட் மெதுவாக இறங்குவதற்காக மீட்டர்-அவுட் முறையில் ஃப்ளோ கன்ட்ரோல் வைத்திருக்கிறார்களே, அது என்ன ஆயிற்று? அது ராட் பக்கத்திலிருந்து வெளியேறும் காற்றைத்தான் கட்டுப்படுத்தும். வெளியேற அங்கே காற்றே இல்லாதபோது கட்டுப்படுத்த எதுவுமில்லை. 60 கிலோவும் 6 பார் தள்ளலும் ஒன்றாய் இறங்கும். சனிக்கிழமை வரை சாதுவாக இறங்கிய பிளேட், திங்கள் முதல் சைக்கிளில் மட்டும் இடிபோல் இறங்குகிறது என்று ஆபரேட்டர் சொன்னால் "மெஷின் சூடாகணும்ப்பா" என்று தட்டிக் கழிக்காதீர்கள். அவர் சொல்வது ஒரு பெரிய விபத்தின் முன்னோட்டம்.

இதற்கு வைத்தியம் எளிது. லாக் விடுவதற்கு முன்னால், சுமையைத் தாங்கும் பக்கத்துக்குக் காற்று போயிருக்க வேண்டும். பின்னின் மேலிருந்து எடை எழும்பிய பிறகுதான் பின் விலக வேண்டும். ஸ்பிரிங் ரிடர்ன் கொண்ட சிங்கிள் சோலனாய்டு வால்வைப் போட்டு, கரண்ட் இல்லாத நிலையில் காற்று மேலே தூக்கும் பக்கம் போகும்படி பைப் செய்தால் மெயின் ஏர் திறந்த உடனேயே இது தானாக நடந்துவிடும். ராட் லாக்கிலும் இதே நியாயம்தான், கொஞ்சம் கூடுதல் கண்டிப்போடு. இரண்டு பக்க அழுத்தமும் சுமையோடு சமநிலையில் இருக்கும்போதுதான் லாக் விடுபட வேண்டும். இல்லாவிட்டால் விடுபட்ட அந்த நொடியில் ராட் மேலோ கீழோ எகிறும். அது பி.எல்.சி. புரோகிராமில் ஒரு டைமர் போட்டுத் தீர்க்கிற விஷயமாகத் தோன்றும். டைமருக்குக் காற்று வந்ததா என்று தெரியாது. ப்ரஷர் ஸ்விட்ச்சுக்குத் தெரியும்.

வால்வு தேர்வில் இன்னொரு கண்ணி. எண்ட் லாக் சிலிண்டருக்கு மூன்று நிலை, குளோஸ்டு சென்டர் வால்வைப் போடாதீர்கள். நடுநிலையில் காற்று உள்ளேயே அடைபட்டால் பின் பள்ளத்தில் இறங்க முடியாது. சரியாக இறங்கி லாக் ஆகிவிட்டாலும் ஆபத்து தீரவில்லை. ஸ்பூலில் கொஞ்சம் கொஞ்சமாய்க் கசியும் காற்று லாக் பக்க போர்ட்டில் சேர்ந்து சேர்ந்து, மதிய சாப்பாட்டு நேரத்தில் யாரும் தொடாமலேயே பின்னை விலக்கிவிடலாம். பல வால்வுகள் ஒரே மேனிஃபோல்டில் சேர்ந்து, ஒரே எக்ஸாஸ்ட்டில் ஊதும்போது பக்கத்து சிலிண்டரின் கழிவுக் காற்று திரும்பி வந்து இதே வேலையைச் செய்யும். லாக்குக்குத் தனி எக்ஸாஸ்ட் கொடுப்பது நல்லது.

பைலட் செக் வால்வைப் போட்டுவிட்டு "இதுவும் லாக்குதான்" என்கிறவர்களும் உண்டு. அது காற்றை அடைத்து வைக்கிறது, அவ்வளவுதான். காற்று அமுங்கும், சீல் வழியே கசியும், பிளேட் மெல்ல நழுவும். அதைவிட மோசம், மெயின் ஏரை அணைத்து கேஜ் பூஜ்யம் காட்டிய பிறகும் சிலிண்டருக்குள் முழு அழுத்தம் அப்படியே இருக்கும். கேஜை நம்பி ஃபிட்டர் ஸ்பேனரை வைத்து ஃபிட்டிங்கைத் திறந்தால் ஃபிட்டிங் ஒரு பக்கம், பிளேட் ஒரு பக்கம் போகும்.

எமர்ஜென்ஸி பட்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல சிறு மெஷின்களில் அது மின்சாரத்தை மட்டும் துண்டிக்கிறது. காற்று முழுசாக உள்ளேயே இருக்கிறது. சிலவற்றில் டம்ப் வால்வு காற்றை எல்லாம் கொட்டிவிடுகிறது, அப்போது தூக்கி நிற்கும் சுமைக்கு லாக் மட்டுமே துணை. உங்கள் மெஷினில் எது என்று அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், கீழே யாரும் இல்லாதபோது. சிலிண்டர் மேல் ஒளிரும் ரீட் ஸ்விட்ச்சையும் நம்பிவிடாதீர்கள். பிஸ்டன் மேலே இருக்கிறது என்று அது சொல்கிறது. லாக் பிடித்திருக்கிறதா என்பது அதன் இலாகா அல்ல. லாக் நிலையைக் காட்டத் தனி சென்சார் பொருத்தக்கூடிய மாடல்கள் கிடைக்கின்றன.

மெயின்டனன்ஸ் ஆட்களே, இந்தப் பத்தி உங்களுக்கு. லாக் யூனிட்டைப் பிரித்து சர்வீஸ் செய்ய முயலாதீர்கள். உள்ளே இறுகி உட்கார்ந்திருக்கும் ஸ்பிரிங், கவரைக் கழற்றிய கணத்தில் முகத்தை நோக்கி வரும். பழுதென்றால் முழு யூனிட்டாக மாற்றுங்கள். கையால் லாக்கை விடுவிக்க ஒரு போல்ட்டோ லீவரோ இருக்கும். செட்டிங்குக்காக அதை முறுக்கி விடுவித்துவிட்டு, வேலை முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்ப மறந்தால் மெஷின் எந்தக் குறையும் காட்டாமல் ஓடும், லாக் இல்லாமலேயே. ஷிஃப்ட் மாறும்போது இதைச் சொல்லிவிட்டுப் போக ஆளில்லாவிட்டால் அடுத்த ஷிஃப்டுக்குத் தெரியவும் வழியில்லை. அந்த போல்ட்டைத் தொடுவதற்கு முன் சுமைக்கு முட்டுக் கொடுங்கள். தொட்ட பிறகு ஜாப் கார்டில் எழுதுங்கள். அப்புறம் மழைக்காலத்தில் ட்ரையர் இல்லாத கம்ப்ரஸர் லைனில் தண்ணீர் ஓடும், எஃப்.ஆர்.எல். (ஃபில்டர்-ரெகுலேட்டர்-லூப்ரிகேட்டர்) கிண்ணத்தில் தெரியும். அந்தத் தண்ணீர் போகிற கடைசி இடங்களில் லாக்கின் சிறு பிஸ்டனும் ஒன்று. துருப் பிடித்தால் அது பாதி வழியில் சிக்கி நிற்கும்.

டிசைன் செய்கிறவர்களுக்கு: ஒரு சிலிண்டர், ஒரு லாக், ஒரு வால்வு என்றால் அது ஒற்றைச் சங்கிலி. ஒரு கண்ணி விட்டால் எல்லாம் விட்டது. ஒவ்வொரு சைக்கிளிலும் கை உள்ளே போகிற இடத்தில் ஒற்றைச் சங்கிலி போதுமா என்பதை மதிப்பிடும் முறையைத்தான் ஐ.எஸ்.ஓ. 13849 பேசுகிறது. இரண்டாவது தாங்கலோ, முறையான இடைவெளியில் தானாக நடக்கும் லாக் சோதனையோ பல நேரங்களில் தேவைப்படும். நியூமேட்டிக் அமைப்புகளின் பொதுப் பாதுகாப்புக்கு ஐ.எஸ்.ஓ. 4414, எதிர்பாராமல் இயங்குவதைத் தடுக்க ஐ.எஸ்.ஓ. 14118 இருக்கின்றன. ஜெர்மனியின் விபத்துக் காப்பீட்டு அமைப்பான டி.ஜி.யூ.வி. புவியீர்ப்பு இழுக்கிற செங்குத்து அச்சுகளுக்கென்றே தனித் தகவல் தாள் வெளியிட்டிருக்கிறது. இது அந்த அளவுக்குத் தனிக் கவனம் கேட்கிற பிரச்சினை. ஏற்றுமதி ஆர்டருக்கு மட்டும் இதையெல்லாம் பார்த்துவிட்டு உள்ளூர் மெஷினுக்கு விட்டுவிடுகிற வழக்கத்தை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. உள்ளூர்க் கை மட்டும் இரும்பா?

பழுது பார்க்கவோ டூல் மாற்றவோ பிளேட்டுக்குக் கீழே போவதென்றால் லாக்கைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். பிளேட்டைக் கீழே இறக்கி உட்கார வைக்க முடிந்தால் அதுதான் முதல் தேர்வு. முடியாதென்றால் எடையையும் சிலிண்டர் தள்ளலையும் சேர்த்துத் தாங்குகிற இரும்பு முட்டுக்கட்டையோ குறுக்குப் பின்னோ வைத்த பிறகு காற்றை அணையுங்கள். ஷட்-ஆஃப் வால்வில் உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பையில் வையுங்கள். உள்ளே அடைபட்ட காற்றையும் வெளியேற்றுங்கள். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1989-இல் கொண்டுவந்த லாக் அவுட் விதியும் மின்சாரத்தோடு நிற்பதில்லை. அடைபட்ட காற்றும் தூக்கி நிற்கும் எடையும் அதில் அடக்கம். முட்டுக்கட்டை மெஷினோடு சங்கிலியில் தொங்கட்டும். ஸ்டோரில் இருந்தால் அவசரத்தில் யாரும் எடுக்கப் போவதில்லை. முட்டு இடத்தில் இருக்கும்போது மெஷின் ஓடாதபடி ஒரு லிமிட் ஸ்விட்ச் வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

பழைய மெஷின் வாங்குகிறவர்கள் விலை பேசுமுன் சிலிண்டரின் பெயர்ப் பட்டையைத் துடைத்துப் படியுங்கள். மாடல் எண்ணைக் கேட்டலாக்கோடு ஒப்பிட்டு லாக் எந்த வகை, எந்த முனை என்று உறுதி செய்யுங்கள். பிளேட்டை மேலே ஏற்றி, கீழே மரக்கட்டை வைத்து, ஆட்களை விலக்கிவிட்டு, காற்றை முழுசாக வடியுங்கள். பிளேட்டில் சாக்பீஸால் கோடு போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண்ட் லாக்கில் ஒரு மில்லிமீட்டர் அளவு தொய்வு சகஜம். ராட் லாக்கில் கோடு தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால் அந்த லாக்குக்கு ஆயுள் முடிந்தது. பட்டை அழிந்துபோய் மாடல் எண் தெரியவில்லையென்றால் லாக் இல்லாத சிலிண்டர் என்றே எடுத்துக்கொண்டு, புது யூனிட்டின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.